கணித மென்பொருள்: திறமூலமா, விலைகொடுத்து வாங்குவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிக் கணிதத் துறைகளிலும் ஆய்வு மாணவர்களிடமும் திரும்பத் திரும்ப எழும் ஐயங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சு நடையிலேயே உள்ளன. முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. ஒரு விடையில் சொன்னது அடுத்ததில் தேவைப்பட்டால் அதன் எண்ணை மட்டும் காட்டியிருக்கிறோம்.

1. மேட்லேப், மேத்தமேட்டிகா, சேஜ்... எல்லாமே கணக்குப் போடுறதுதானே? எதுக்கு இத்தனை?

போடும் கணக்கின் வகை வேறு. மேட்லேப், ஆக்டேவ், சைலேப் மூன்றும் எண்வழிக் கணக்கீட்டுக்கானவை. எதைக் கொடுத்தாலும் தசம எண்களின் அணியாகவே வைத்துக்கொள்ளும். 1/3 என்று அடித்தால் 0.3333 என்று வரும். மேத்தமேட்டிகா, மேப்பிள், மேக்ஸிமா மூன்றும் குறியீட்டுக் கணிதத்துக்கானவை. அவற்றில் 1/3 கடைசிவரை 1/3தான். மேக்மா, பாரி/ஜிபி, கேப், சிங்குலர் ஆகியவை எண் கோட்பாடு, குலங்கள், பல்லுறுப்புக் கோவைகள் போன்ற இயற்கணித வேலைகளுக்கு. சேஜ்மேத் 2005இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கியது. மேக்ஸிமா, பாரி, கேப், சிங்குலர் எல்லாவற்றையும் பைத்தான் கொண்டு ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள். மேக்மா, மேப்பிள், மேத்தமேட்டிகா, மேட்லேப் நான்குக்கும் ஈடான திறமூல மாற்று (மூலநிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் விடுவது) என்பதே அதன் அறிவிக்கப்பட்ட குறிக்கோள்.

ஆகவே எது உசத்தி என்று கேட்கும் முன், உங்கள் வேலை எண்ணா குறியீடா என்று பாருங்கள். மேட்லேபை மட்டும் வாங்கிவிட்டு, குறியீட்டுத் தொகையிடலுக்கான டூல்பாக்ஸ் என்ற கூடுதல் தொகுப்புக்குத் தனி விலை என்று பிறகு தெரிந்துகொள்ளும் துறைகள் நிறைய. விலைப்புள்ளி கேட்கும்போதே டூல்பாக்ஸ் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள்.

2. இலவசமா கிடைச்சா அது திறமூலம்தானே?

இல்லை. மேட்லேபை உலாவியில் மாதம் 20 மணி நேரம் இலவசமாக ஓட்டலாம். ராஸ்பெர்ரி பை கணினியில் 2013 முதல் மேத்தமேட்டிகா இலவசம். இரண்டுக்கும் மூலநிரல் மூடியே இருக்கிறது.

ஜியோஜீப்ரா இரண்டுக்கும் நடுவில். மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க்கில் தொடங்கியது. 2021இல் பைஜூஸ் நிறுவனம் வாங்கியது. மூலநிரல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் உண்டு. நிறுவும் கோப்பும் மொழிக் கோப்புகளும் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். வகுப்பில் பயன்படுத்த எந்தத் தடையும் இல்லை. அதை வைத்துக் கட்டணச் செயலி செய்து விற்க நினைப்பவர் உரிமத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

3. காலேஜ்ல மேட்லேப் லேப். வீட்டுல ஆக்டேவ் போட்டா அதே புரோகிராம் ஓடுமா?

பாடத்திட்டச் செய்முறைகளில் பெரும்பாலானவை ஓடும். அணிக் கணக்கு, வரைபடம், வகைக்கெழுச் சமன்பாட்டுக்கான ஓடிஇ45 எல்லாம் ஆக்டேவிலும் அதே பெயரில் உள்ளன. மேட்லேபில் எழுதி ஆக்டேவில் ஓட்டுவதை விட, வீட்டில் ஆக்டேவில் எழுதிக் கல்லூரியில் ஓட்டும்போதுதான் அடி விழும். ஆக்டேவ் தாராளமானது: இரட்டைக் கூட்டல் குறி, கூட்டல்-சமன் குறி, எண்டிஃப், எண்ட்ஃபார், பிரிண்ட்எஃப், ஹேஷ் குறியில் தொடங்கும் குறிப்புரை எல்லாவற்றையும் ஏற்கும். மேட்லேப் இவற்றில் ஒன்றையும் ஏற்காது. எங்கும் வெறும் எண்ட், எஃப்பிரிண்ட்எஃப், குறிப்புரைக்குச் சதவீதக் குறி, சரங்களுக்கு ஒற்றை மேற்கோள் என்று பழகிக்கொண்டால் இரண்டிலும் ஓடும். இரட்டை மேற்கோளை ஆக்டேவ் ஒரு விதமாகவும் மேட்லேப் வேறு விதமாகவும் புரிந்துகொள்ளும்.

அடுத்தது, ஒரே கோப்பில் செயல்கூறு (ஃபங்ஷன்) எழுதுவது. மேட்லேபில் 2016ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலிருந்து நிரல் கோப்பின் கடைசியில் செயல்கூறுகளை வைக்கலாம். ஆக்டேவிலோ அழைப்பதற்கு முன் வரையறை வந்திருக்க வேண்டும். சரி என்று அதை மேலே நகர்த்தினால், கோப்பே செயல்கூற்றில் தொடங்குவதால் முழுக் கோப்பையும் செயல்கூற்றுக் கோப்பு என்று ஆக்டேவ் எடுத்துக்கொள்ளும். முதல் வரியில் 1 போட்டு அரைப்புள்ளி வைப்பது ஆக்டேவ்காரர்களின் பழைய உத்தி. இரண்டிலும் தொல்லையில்லாமல் ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு செயல்கூற்றையும் அதே பெயரில் தனிக் கோப்பில் வையுங்கள்.

கன்ட்ரோல், சிக்னல் போன்ற தொகுப்புகளை ஆக்டேவில் ஒரு முறை நிறுவினால் போதாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிகேஜி லோட் கட்டளையால் ஏற்ற வேண்டும். “நேத்து ஓடிச்சு, இன்னைக்கு ஓடல” என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மேட்லேபின் டேபிள் தரவு வகையும், நிரலும் விடையும் ஒரே ஆவணமாக வரும் லைவ் ஸ்கிரிப்ட் கோப்புகளும் ஆக்டேவில் திறக்காது.

4. ஆக்டேவ் ஆமை வேகத்துல போகுது. காசு போட்டாத்தான் வேகமா?

எந்த வேலையில் மெதுவாக இருக்கிறது என்று பாருங்கள். மேட்லேபில் 2002இல் வந்த 6.5 பதிப்பு முதலே சுழற்சிகளை ஓடும்போதே இயந்திர மொழியாக்கும் வசதி உண்டு. ஆக்டேவ் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பொருள்கொள்ளும். 10 லட்சம் சுற்று ஓடும் ஃபார் சுழற்சியில் அந்த வித்தியாசம் கண்கூடு. அதே கணக்கை வெக்டர் வடிவில், அதாவது 1 முதல் 10 லட்சம் வரையான வரிசையை ஒரே உருப்படியாக வைத்து வர்க்கப்படுத்திக் கூட்டினால், வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். சுழற்சிக்குள் அணியை ஒவ்வோர் உறுப்பாக நீட்டிக்கொண்டே போவதும் தவறு. தேவையான அளவுக்குச் சுழிய அணியை முதலிலேயே உருவாக்கிவிடுங்கள். இது மேட்லேபுக்கும் பொருந்தும்.

அணிப் பெருக்கல், நேரியல் சமன்பாட்டுத் தீர்வு போன்றவற்றை இரண்டுமே கீழேயுள்ள பிளாஸ் என்ற அணிக் கணக்கு நூலகத்திடம் ஒப்படைத்துவிடும். மேட்லேப் இன்டெலின் எம்கேஎல் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. ஆக்டேவில் ஓப்பன்பிளாஸ் இருந்தால் வேகம் அருகருகே வரும். மாதிரி பிளாஸ் என்ற அடிப்படை நூலகத்தோடு நிறுவப்பட்டிருந்தால் மட்டும் பெரிய அணிகளில் பல மடங்கு தாமதமாகும். லினக்ஸில் ஓப்பன்பிளாஸ் தொகுப்பைச் சேர்த்தாலே போதும்.

5. சிமுலிங்க்குக்கு மாற்று இருக்கா?

சிமுலிங்க் என்பது கட்டங்களை இணைத்து ஓர் அமைப்பின் இயக்கத்தைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் மேட்லேப் துணைப்பொருள். அதற்கு மாற்றாகச் சைலேபோடு வரும் எக்ஸ்காஸ் இருக்கிறது. கட்டங்களை இணைத்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளைக் கற்பிக்க அது போதும். ஆக்டேவில் அப்படி எதுவும் இல்லை. வாகனத் துறையிலோ விண்வெளித் துறையிலோ வேலைக்குப் போகும் மாணவருக்குச் சிமுலிங்க் பழக்கமே கேட்கப்படும். படம் வரைந்ததும் கட்டுப்பாட்டுக் கருவிக்கான சி நிரலை உருவாக்கித் தரும் வசதிக்கு நிகரான திறமூலப் பொருள் இல்லை. இந்த ஓரிடத்தில் விலைகொடுத்து வாங்குவதே சரி.

6. பிளஸ் டூ, பி.எஸ்சி. பிள்ளைங்களுக்கு எதுல ஆரம்பிக்கலாம்?

பள்ளிக்கு ஜியோஜீப்ரா. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் இணையச் செயல்பாடு பக்கங்கள் அதை வைத்தே அமைந்தவை, எனவே புதிதாகப் பாடக்குறிப்பு எழுத வேண்டியதில்லை. இளநிலையில் நுண்கணிதத்துக்கு மேக்ஸிமா. 1960களின் இறுதியில் எம்ஐடியில் தொடங்கிய மேக்ஸைமா (Macsyma) என்ற மென்பொருளின் வழிவந்தது அது. அதை 1998இல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட அமெரிக்க எரிசக்தித் துறையிடம் அனுமதி பெற்றவர் வில்லியம் ஷெல்டர். சிறிய மென்பொருள், பழைய ஆய்வகக் கணினியிலும் சிரமமில்லாமல் ஓடும். டபிள்யூஎக்ஸ்மேக்ஸிமா என்ற முகப்பைச் சேர்த்து நிறுவுங்கள். விடைகள் புத்தகத்தில் இருப்பது போல் பின்னமும் அடுக்குமாகத் தெரியும்.

எண்வழி முறைகள் தாளுக்கு ஆக்டேவ் அல்லது பைத்தான். திறமூல மென்பொருளைக் கல்வியில் பரப்பும் ஐஐடி பம்பாயின் ஃபாஸ்ஸீ திட்டம் சைலேப், பைத்தான் இரண்டுக்கும் பாடப் பொருள்கள் வைத்திருக்கிறது. ஸ்போக்கன் டுடோரியல் காணொளிகளில் தமிழ்க் குரல் கொடுத்தவையும் உண்டு.

7. பைத்தான் ஒண்ணு தெரிஞ்சா போதாதா?

பெரும்பாலும் போதும். பைத்தானின் கணித நூலகங்களான நம்பை (எண் அணிகள்), சைப்பை (அறிவியல் கணக்கு), சிம்பை (குறியீட்டுக் கணிதம்) மூன்றும் பிஎஸ்டி என்ற திறமூல உரிமத்தில் வருபவை. வேலைச் சந்தையிலும் மதிப்பு உண்டு. ஆனால் மேட்லேபிலிருந்து வருபவர் விழும் பள்ளங்கள் சில. அணியின் முதல் உறுப்பின் எண் 0. துண்டாக எடுக்கும்போது கடைசி எண் சேராது. கூரைக் குறி அடுக்கு அல்ல: பைத்தானில் 2^3 என்று அடித்தால் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் 1 என்று வரும், ஏனெனில் அது இருநிலை இலக்கங்களின் மீதான செயல். அடுக்குக்கு இரண்டு நட்சத்திரக் குறி. சேஜில் மட்டும் அதே வரி 8 தரும். உள்ளிட்டதை அது முன்கூட்டியே மாற்றி எழுதிக்கொள்கிறது. சிம்பையில் 1/3 என்று எழுதினால் சிம்பையின் கைக்குப் போகும் முன்பே பைத்தான் அதைத் தசமமாக்கிவிடும்; ரேஷனல் என்ற சொல்லைப் பயன்படுத்திக் கொடுங்கள்.

சத்தமில்லாமல் ஏமாற்றுவது திட்ட விலக்கம். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்களின் சராசரி 5, விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை 32. நம்பை 32ஐ 8ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து 2 என்று சொல்லும். மேட்லேபும் ஆக்டேவும் 7ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து 2.138 என்று சொல்லும். இரண்டும் சரியான சூத்திரங்களே. ஒன்று முழுத்தொகுதிக்கு, மற்றது மாதிரிக்கு. நம்பையில் டிடிஓஎஃப் மதிப்பை 1 என்று கொடுத்தால் 2.138 வரும்.

8. 1/எக்ஸ் தொகையிட்டா வெறும் லாக் எக்ஸ்னு வருது. மட்டுக்குறியும் இல்ல, மாறிலியும் இல்ல. தப்பா?

மேத்தமேட்டிகா, மேப்பிள், மேக்ஸிமா, சிம்பை எல்லாமே அப்படித்தான் தரும். அவற்றுக்கு எக்ஸ் ஒரு கலப்பெண். கலப்பெண் மடக்கைக்கு மட்டு தேவையில்லை, போட்டால் தவறாகவும் ஆகும். மாறிலியைச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. மேக்ஸிமாவில் லாக்ஏபிஎஸ் என்ற மாறியை ட்ரூ ஆக்கினால் பாடநூலில் உள்ளபடி மட்டோடு வரும். தேர்வுத்தாளில் மென்பொருள் விடையை அப்படியே எழுதினால் மதிப்பெண் போகும் என்பதை மாணவர்களிடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இதைவிடச் சுவையானது எக்ஸின் ‘என்’ அடுக்கைத் தொகையிடுவது. மேத்தமேட்டிகா ஒரு வார்த்தை பேசாமல் பாடநூல் சூத்திரத்தைத் தந்துவிடும். அடுக்கு −1 ஆக இருந்தால் வகுத்தி சுழியமாகுமே என்ற கவலை அதற்கில்லை. சிம்பை இரண்டு கிளையாகப் பிரித்து, −1 அல்லாதபோது ஒன்று, மற்றபடி மடக்கை என்று தரும். மேக்ஸிமா நின்று “என் = −1 தானா?” என்று உங்களையே திருப்பிக் கேட்கும். எரிச்சலாக இருக்கும், வகுப்பறைக்கு இதைவிட நல்ல குணம் வேறில்லை. சேஜின் தொகையிடலில் உள்ளே மேக்ஸிமா இருப்பதால், இத்தகைய கேள்வி அங்கே சிவப்புப் பிழைச்செய்தியாக வரக்கூடும். அஸ்யூம் கட்டளையால் நிபந்தனையை முன்பே சொல்லிவிட்டால் தீர்ந்தது.

9. காசு கொடுத்து வாங்குனதுல தப்பு விடை வராதுல்ல?

வரும். 2014இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் நோட்டீசஸ் இதழில் டுரான், பெரேஸ், வரோனா என்ற மூன்று ஸ்பானியக் கணிதவியலர்கள் இதை விரிவாக எழுதினார்கள். மிகப் பெரிய முழு எண்கள் கொண்ட 14×14 அணியின் அணிக்கோவையை மேத்தமேட்டிகாவில் கணக்கிட்டால் தவறான மதிப்பு வந்தது. அதே அணியை மறுபடி கொடுத்தால் வேறு மதிப்பு. தோராயத்தால் வந்த பிழை என்று தள்ளிவிட முடியாது, எல்லாமே முழு எண்கள். தாங்கள் ஆராய்ந்த முடிவுக்கு எதிர்ச்சான்று கிடைத்துவிட்டதோ என்று அவர்கள் முதலில் தங்களையே ஐயப்பட வேண்டியிருந்தது.

திறமூலத்தில் பிழையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வித்தியாசம் பிழை தெரிந்த பிறகுதான். பிழைப் பட்டியல் பொதுவில் இருக்கும். உங்கள் பதிப்பு பாதிக்கப்பட்டதா என்று தேடலாம். எந்த வழிமுறை ஓடுகிறது என்று மூலநிரலில் பார்க்கலாம். மூடிய மென்பொருளில் நிறுவனத்துக்கு எழுதிவிட்டு அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு ஈடாக, காசு வாங்கியவர்கள் தொலைபேசியை எடுப்பார்கள்; திறமூலத்தில் உங்கள் கேள்விக்கு யாரும் கடமைப்பட்டவர் இல்லை.

10. ஒரே கணக்குக்கு ரெண்டு மென்பொருள்ல ரெண்டு விடை. எதை நம்புறது?

முதலில் உண்மையிலேயே வேறா என்று பாருங்கள். சைன் × கோசைனைத் தொகையிட்டால் ஒன்று சைன் வர்க்கத்தின் பாதி என்றும், மற்றொன்று கோசைன் வர்க்கத்தின் எதிர்மறைப் பாதி என்றும் தரலாம். வேறுபாடு 1/2 என்ற மாறிலி, இரண்டும் சரி. குறியீட்டு விடைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துச் சுருக்குங்கள். சுருங்காவிட்டால் நான்கைந்து சீரற்ற மதிப்புகளைப் போட்டுப் பாருங்கள்.

எண் விடைகளில் கொஞ்சம் வேறுபட்டால் இயல்பு மதிப்புகளைச் சந்தேகியுங்கள். விடை 7இல் சொன்ன திட்ட விலக்கம் ஒன்று. 2.5ஐ முழுமையாக்கினால் மேட்லேப் 3 என்கும். பைத்தானும் மேத்தமேட்டிகாவும் அருகிலுள்ள இரட்டை எண்ணான 2 என்கும். ஓடிஇ45இன் இயல்பான சார்புப் பிழை வரம்பு 0.001 மட்டுமே, சைப்பையின் சால்வ்_ஐவிபியிலும் அதே. ஆகவே நான்காம் இலக்கத்தில் விடைகள் பிரிவதில் வியப்பில்லை. வரம்பை நூறு மடங்கு இறுக்கி மறுபடி ஓட்டுங்கள். விடைகள் நெருங்கினால் மென்பொருளில் கோளாறில்லை. நெருங்காவிட்டால் சமன்பாடே நிலையற்றதா, அல்லது விறைப்பு (ஸ்டிஃப்) வகையா என்று ஆராயுங்கள்.

சீரற்ற எண்களில் ஒரு வேடிக்கை: மேட்லேபை மூடித் திறந்தால் ராண்ட் கட்டளை ஒவ்வொரு முறையும் அதே வரிசையில்தான் தொடங்கும். ஆக்டேவ் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கும். இரண்டிலும் விதையை (வரிசையைத் தொடங்கும் எண்ணை) நீங்களே கொடுங்கள்.

11. மேக்மா இல்லாம எண் கோட்பாட்டுல ஆராய்ச்சி பண்ண முடியுமா?

பெரும்பகுதி முடியும். மேக்மா சிட்னி பல்கலைக்கழகத்தில் ஜான் கேனன் குழுவினர் உருவாக்கியது. லாப நோக்கமில்லை, செலவை ஈடுகட்டக் கட்டணம். பிரான்சின் போர்டோவில் ஆன்றி கோஹன் தொடங்கிய பாரி/ஜிபி, எண் புலங்களுக்கும் நீள்வட்ட வளைவுகளுக்கும் அருமையாக உழைக்கும். முடிவுறு குலங்களுக்கு ஜெர்மனியின் ஆகனில் 1986இல் தொடங்கிய கேப். பல்லுறுப்புக் கோவைகளுக்குச் சிங்குலரும் மெக்காலே2வும். இவற்றில் எது வேண்டுமென்று தெளிவாகத் தெரிந்தால் சேஜ் வழியாகப் போகாமல் நேரடியாகவே பயன்படுத்துங்கள். வேகமும் கூடும், பிழைச்செய்தியும் புரியும்.

சில நுண்ணிய வழிமுறைகள் மேக்மாவில் மட்டும் முழுமையாக இருக்கும். அதற்கு உலாவியில் இலவசக் கணிப்பான் உண்டு, ஒரு கணக்குக்கு 120 விநாடி வரம்பு. திறமூலத்தில் பெற்ற விடையைச் சிறிய எடுத்துக்காட்டில் சரிபார்க்க அது போதும்.

உகமக் கணக்கு (கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடுவது) தனிக் கதை. பெரிய முழு எண் திட்டமிடலில் குரோபி போன்ற வணிகத் தீர்ப்பான்கள் முன்னணியில் உள்ளன. கல்வி நிறுவனத்தாருக்கு அவை இலவச உரிமமும் தருகின்றன. திறமூலத்தில் ஹைஸ், 2022இல் அப்பாச்சி உரிமத்துக்கு மாறிய ஸ்கிப் இரண்டையும் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

12. உரிமம் முடிஞ்சா என் ஃபைலெல்லாம் என்ன ஆகும்?

கோப்பு உங்களிடமே இருக்கும். திறக்க ஆள் இருக்காது. உரிமம் காலத்தால் மட்டும் முடிவதில்லை. 2020 ஜூனில் அமெரிக்கத் தடைப்பட்டியலின் காரணமாகச் சீனாவின் ஹார்பின் தொழில்நுட்ப நிறுவனத்தில் மேட்லேப் பயன்பாடு நிறுத்தப்பட்டது. அத்தனை தூரம் போகாவிட்டாலும், 25 பேருக்கான உரிமத்தில் 26ஆம் மாணவர் திறந்தால் −4 என்ற உரிமப் பிழை வரும். செய்முறைத் தேர்வன்று இது நடந்தால் ஆய்வக உதவியாளரிடம் கேட்டுப் பயனில்லை. வேறு யாராவது மூட வேண்டும். தேர்வு நாளுக்கு ஆக்டேவைத் துணையாக எல்லாக் கணினியிலும் நிறுவி வையுங்கள்.

தரவை எப்படிச் சேமிக்கிறீர்கள் என்பது முக்கியம். மேட்லேபின் தரவுக் கோப்பான மேட் கோப்பில் 7.3 வடிவம் ஹெச்டிஎஃப்5 என்ற பொதுத் தரவு வடிவத்தின் அடிப்படையிலானது. சைப்பையின் லோட்மேட் அதைப் படிக்காது, பழைய வடிவங்களை மட்டுமே படிக்கும். 2 ஜிபிக்குக் குறைவான மாறிகளை 7ஆம் வடிவத்தில் சேமியுங்கள். லைவ் ஸ்கிரிப்ட்களைச் சாதாரண எம் கோப்பாகவும் ஏற்றுமதி செய்து வையுங்கள். சிமுலிங்க் மாதிரிகளுக்கு மட்டும் வழியில்லை. அவற்றின் சமன்பாடுகளைத் தனியே எழுதி வைப்பதுதான் ஒரே காப்பு.

13. ஜிபிஎல் மென்பொருள்ல கணக்குப் போட்டா என் நிரலையும் வெளியிடணுமாமே?

இல்லை. கணக்கிட்டுப் பெற்ற எண்ணும் படமும் தேற்றமும் உங்களுடையவை. ஜிபிஎல் நிபந்தனை மென்பொருளையோ அதை உள்ளடக்கிய நிரலையோ பிறருக்கு வழங்கும்போதுதான் எழும். மேக்ஸிமாவின் நிரலைத் திருத்தி அதைப் பிறருக்கு விற்றால் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். உங்கள் கணினியில் திருத்தி உங்கள் ஆய்வுக்கு ஓட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது மறுபக்கம். மேட்லேபின் ஹோம் உரிமம் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். கல்லூரி வேலைக்கு ஆகாது. நிதி பெற்ற ஆய்வுத் திட்டத்தில் அதைப் பயன்படுத்தினால் மீறல்தான்.

14. சேஜை விண்டோஸ்ல நிறுவ முடியல. என்ன பண்றது?

9.3 பதிப்போடு விண்டோஸுக்கான தனி நிறுவி நின்றுவிட்டது. தேடலில் கிடைக்கும் பழைய நிறுவியைப் போடாதீர்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியை இயக்கி, உள்ளே உபுண்டு நிறுவி, அதில் கோண்டா என்ற தொகுப்பு நிறுவி வழியாகச் சேஜைப் பெறுவதே நேர்வழி. சில ஜிபி இடமும் நிலையான இணையமும் வேண்டும். மூலநிரலிலிருந்து தொகுக்க முயன்றால் பல மணி நேரம் போகும். சின்ன கணக்குக்குச் சேஜ்மேத்செல் என்ற இணையப் பக்கத்தில் எதையும் நிறுவாமலே ஓட்டலாம்.

15. ஆய்வுக்கட்டுரையில “கணினி மூலம் சரிபார்த்தோம்”னு எழுதினா நடுவர் ஒத்துக்குவாரா?

இன்று பெரும்பாலும் ஒப்ப மாட்டார். மென்பொருளின் பெயர், பதிப்பு எண், பயன்படுத்திய தொகுப்புகளின் பதிப்புகள், சீரற்ற எண் விதை, பிழை வரம்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். “சேஜ்” என்று மட்டும் எழுதாமல் உள்ளே உண்மையில் உழைத்தது பாரியா சிங்குலரா என்று பார்த்து அதையும் குறிப்பிடுங்கள். அதை எழுதியவர்களுக்கு இந்த மேற்கோள்தான் கூலி. நிரலையும் சூழல் கோப்பையும் கட்டுரையோடு இணைப்பாகக் கொடுங்கள்.

மூடிய மென்பொருளில் செய்த கணக்கென்றால், நடுவரிடம் அந்த உரிமம் இல்லாமல் இருக்கலாம். வழிமுறையைக் கட்டுரையிலேயே விளக்கி, குறைந்தது சிறிய நேர்வுகளையாவது விடை 11இல் உள்ள திறமூல நிரல் ஒன்றில் மறுபடி போட்டு அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். பெரிய நேர்வுக்கு, விடையைக் கண்டுபிடிக்கும் நிரலைவிட விடையைச் சரிபார்க்கும் நிரல் சிறியதாக இருக்கும்: ஓர் எண்ணின் காரணிகளைத் தேடப் பல நாள் ஆகலாம், பெருக்கிப் பார்க்க ஒரு விநாடி போதும். முடிகிற இடங்களில் அந்தச் சரிபார்ப்பு நிரலை எந்த இலவச மென்பொருளிலும் ஓடும்படி எழுதிக் கொடுங்கள்.